புளியாரை செய்த குற்றம் என்ன?



இந்த முறை ஒரு சின்னக் களைச் செடியைப் பற்றியும் அதன் இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு நோயைப் பற்றியும் படிக்கப் போகிறோம். "களையைப் பற்றிப் படித்து நமக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் இந்தக் களையை வைத்து இரண்டு குடும்பங்கள் இரண்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்தன. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆகையால் அந்தக் கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம்.

நடந்தது இதுதான்

ஐப்பசி மழை விட்ட நேரம். பணிய லயத்தில் ஓர் அக்கா காம்பராவுக்குப் பின்னால் நான்கு பாத்தி சோளம் போட்டிருந்தார். செடி இடுப்பு உயரம் வந்ததும் இலை முழுக்கச் செம்மண்ணைத் தூவியது போலப் புள்ளி விழுந்தது. விரலால் தடவினால் விரலில் துரு ஒட்டியது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் விவசாயப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தான். சோளத் துருவுக்குப் புளியாரைதான் இரண்டாவது விருந்துவழங்கி என்று அதில் இருந்தது. பாத்தி ஓரத்திலும் கான் ஓரத்திலும் பீலிக்கரையிலும் புளியாரை பாய் விரித்த மாதிரிக் கிடந்தது.

நாங்கள் அந்த லயத்துக்குப் போன நேரம் அக்கா கேட்டார்: "ஐயா, இந்தப் புளியாரையாலதான் துரு வருதாம். மகன் புத்தகத்துல பார்த்துச் சொல்றான். புடுங்கி முடியாது. புல் மருந்து அடிச்சிருவமா?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அடிக்கச் சொல்லவில்லை, அடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் ஆமென்று சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதில் அவர் மேல் பிழை இல்லை.

மறுநாள் கடையில் வாங்கிய களைநாசினியைக் கலந்து வீட்டுக்காரர் அடித்தார். காற்றடிக்கும் நேரம். பக்கத்துக் காம்பராக்காரர் கடன்பட்டு விதை வாங்கிப் போட்ட போஞ்சிப் பாத்தியில் இரண்டு வரிசை கருகிப் போனது. பீலிக்கரையில் மருந்து வாடை என்று பெண்கள் இரண்டு நாள் மேட்டு லயத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். பிள்ளைக் காம்பரா ஆயம்மா பிள்ளைகளை முற்றத்தில் இறக்கவில்லை. புளியாரை செத்தது. சோளத்தில் இருந்த துரு மட்டும் சாகவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேல் இலைகளிலும் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்தோம். அவர் ஒரு கைவில்லையை எடுத்து இலையைக் காட்டிச் சொல்லித் தந்ததையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

புளியாரையை எல்லோருக்கும் தெரியும்

தரையோடு படர்ந்து போகும் செடி. ஒரு காம்பில் மூன்று இலை. ஒவ்வொன்றும் இருதய வடிவம். மஞ்சள் பூ. சின்ன வெண்டிக்காய் மாதிரி நிமிர்ந்து நிற்கும் காய். முற்றிய காயைத் தொட்டால் விதை தெறித்து ஓடும். இலையை மென்றால் புளிக்கும். அந்தப் புளிப்புக்குக் காரணம் ஒட்சாலிக் அமிலம். புளிப்பை வைத்துத்தான் அந்தச் செடி இனத்துக்கு ஒக்சாலிஸ் என்று பெயர் வந்தது. நம் புளியாரையின் முழுப்பெயர் ஒக்சாலிஸ் கோர்னிகியூலேட்டா.

மலையில் புல் வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு வகையும் தெரிந்திருக்கும். இலை பெரிதாகவும் பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பிடுங்கினால் அடியில் சின்னச் சின்னக் கிழங்கு வரும். அதுவும் இதே இனம்தான்.

துரு என்பது என்ன?

இரும்பில் பிடிக்கும் துருவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நிறம் மட்டும்தான் ஒன்று. இது ஒரு பங்கசு, அதாவது காளான், பூஞ்சணம் போன்றவற்றின் கூட்டத்தைச் சேர்ந்த உயிர். விரலில் ஒட்டும் தூள்தான் அதன் வித்திகள். செடிக்கு விதை எப்படியோ, பங்கசுக்கு வித்தி அப்படி. சோளத் துருவின் வித்தி எவ்வளவு சிறியது என்றால், ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 35 முதல் 40 வித்திகளை வரிசையாக அடுக்கலாம். அதனால்தான் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

துருப் பங்கசுவைப் பற்றி இரண்டு விசயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உயிருள்ள இலையில்தான் அது வளரும். காளான் மாதிரி மக்கிய கட்டையில் முளைக்காது. விருந்து கொடுக்கிற செடி உயிரோடு இருக்கும் வரைதான் அதற்கும் சாப்பாடு.

இரண்டாவது, ஒவ்வொரு துருவுக்கும் தனக்கென்று சில செடிகள்தான் உண்டு. சோளத்தின் துரு தேயிலைக்கு வராது, போஞ்சிக்கும் வராது. போஞ்சியில் வரும் துரு வேறு பங்கசு. ஆட்டுக்கோ மனிதனுக்கோ இந்தத் துருக்கள் தொற்றுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். தேயிலையில் "சிவப்புத் துரு" என்று ஒன்றைச் சொல்வோம். பெயர்தான் துரு. அதை உண்டாக்குவது பங்கசு அல்ல, ஒரு வகை அல்கா. பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. மழைக் காலத்தில் இளம் கொழுந்தில் விழும் கொப்புள நோய் பங்கசுவால் வருவது. இலங்கையில் அது 1946 இல் காணப்பட்டது. ஆனால் அது துருப் பங்கசு இல்லை. ஆக, நிறத்தை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

கல்யாணம் ஓர் இடம், குடித்தனம் ஓர் இடம்

இப்போது புளியாரைக்கு வருவோம். சோளத் துருவின் பெயர் பக்சினியா சோர்கி. இது இரண்டு லயத்தில் குடியிருக்கும் பங்கசு. ஒரு வீடு சோளம். மற்ற வீடு புளியாரை இனம். இரண்டு வீட்டிலும் ஐந்து படியாக அதன் வாழ்க்கை போகிறது.

1. புளியாரை இலையின் மேல்பக்கத்தில் மிகச் சின்ன மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அவற்றிலிருந்து தேன் மாதிரி ஒரு துளி கசியும். அந்த இனிப்புக்கு ஈயும் பூச்சியும் வந்து ஒரு புள்ளியில் இருந்து மறு புள்ளிக்குப் போகும்போது, பங்கசுவின் ஒரு பாதியை இன்னொரு பாதியோடு சேர்த்து வைக்கின்றன. பங்கசுவுக்குக் கல்யாணம் நடப்பது இங்கேதான். ஈதான் தரகர்.

2. சில நாளில் அதே இடத்தில் இலையின் அடிப்பக்கத்தில் சின்னக் கிண்ணங்கள் கூட்டமாக எழும்பும். கிண்ணத்துக்குள் செம்மஞ்சள் தூள். இந்தத் தூள் காற்றில் பறந்து சோள இலையில் விழுந்தால்தான் முளைக்கும். இன்னொரு புளியாரையில் விழுந்தால் பயன் இல்லை.

3. சோள இலையின் இரண்டு பக்கத்திலும் கறுவாப்பட்டை நிறத்தில் சின்னக் கொப்புளங்கள் வெடிக்கும். அக்காவின் விரலில் ஒட்டிய துரு இதுதான். இந்த வித்தி சோளத்தில் இருந்து சோளத்துக்கே போகும். இலை ஆறு மணித்தியாலம் போல ஈரமாக இருந்து, குளிரும் அளவாக இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். ஒரு கிழமை, பத்து நாளில் புதுக் கொப்புளம் வெடிக்கும். மறுபடியும் தூள், மறுபடியும் சோளம்.

4. சோளம் முற்றிக் காயும் நேரம் கொப்புளம் கறுப்பாக மாறும். இந்தக் கறுப்பு வித்திக்குத் தடித்த தோல். ஒவ்வொன்றிலும் இரண்டு அறை. இது உடனே பறந்து போய்த் தொற்றாது, ஓய்வில் கிடக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தைத் தாண்டுவதற்கு இது உதவுகிறது.

5. ஓய்வு முடிந்து அது முளைத்து மிக நுண்ணிய வேறு வித்திகளை விடும். அவை சோளத்தைத் தொடமாட்டா. புளியாரை இனத்தில் மட்டும்தான் தொற்றும். அங்கே மறுபடி முதல் படி.

இதில் மூன்றாவது படியை இன்னொரு தடவை வாசியுங்கள். எங்கள் தோட்டத்துச் சண்டைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் கண்டவர்கள் படித்தவர்கள் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோதுமை விதைத்த விவசாயிகள், வேலியில் பார்பெரி என்ற முட்செடி நிற்கிற இடத்தில் கோதுமைக்குத் துரு அதிகம் வருவதைக் கண்டார்கள். அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் 1755 இல் பார்பெரியை அழிக்கச் சட்டமே போட்டார்கள். அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் இதை நம்பவில்லை. 1865 இல்தான் ஜேர்மனியைச் சேர்ந்த அன்ரன் டி பரி என்ற விஞ்ஞானி, கோதுமைத் துருவும் பார்பெரித் துருவும் ஒரே பங்கசு என்று செய்து காட்டினார். ஒரு பங்கசு இரண்டு வேறு செடியில் மாறி மாறி வாழும் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. உழுகிறவன் கண்டதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

சோளத்தின் கதையை 1904 இல் அமெரிக்காவின் ஜே. சி. ஆதர் அவிழ்த்தார். புளியாரை இனச் செடியின் கிண்ணத்தில் இருந்த வித்தியை எடுத்துச் சோள நாற்றில் இட்டார். சோளத்தில் துரு வந்தது. அதுவரை புளியாரைத் துருவுக்கு ஒரு பெயர், சோளத் துருவுக்கு ஒரு பெயர் என்று இரண்டாக எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே நம் தம்பி புத்தகத்தில் படித்தது பொய் இல்லை. அது முழு உண்மை. ஆனால் எந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்காமல் மருந்து அடித்ததுதான் பிழை.

அப்படியானால் புளியாரையை அழித்தால் என்ன?

அமெரிக்காவில் 1918 இல் தொடங்கிக் கோடிக்கணக்கான பார்பெரிச் செடிகளை வெட்டி அழித்தார்கள். கோதுமைத் துரு குறைந்தது. ஏன் குறைந்தது? வட பகுதியில் பனிக்காலம் கொடுமையானது. பச்சைக் கோதுமை நிற்காத நேரத்தில் துருவுக்கு வீடு இல்லை. வசந்தத்தில் மறுபடி தொடங்க அதற்குப் பார்பெரி வேண்டும். அந்த வீட்டை இடித்ததால் பங்கசு தடுமாறியது. அப்போதும் முழுக்க ஒழியவில்லை. பச்சைக் கோதுமை எப்போதும் நிற்கும் தெற்கில் இருந்து காற்றோடு வித்தி வந்துகொண்டுதான் இருந்தது.

நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. மாரியிலும் சிறுபோகத்திலும் எங்கேயாவது சோளம் நிற்கும். பதுளை, மொனராகலை, அம்பாறை, அனுராதபுரம் என்று ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். மலைநாட்டில் வீட்டுக்கு வீடு நாலு செடியாவது நிற்கும். பச்சைச் சோளம் வருடம் முழுக்க இருக்கும்போது, துரு ஏன் புளியாரையைத் தேட வேண்டும்? மூன்றாவது படியிலேயே அது சுற்றிச் சுற்றி வாழ்ந்துவிடும். வெப்பவலய நாடுகளில் சோளத் துரு பிழைப்பது பெரும்பாலும் இப்படித்தான். கல்யாணம் இல்லாமலேயே குடித்தனம் பெருகுகிறது.

ஆகவே பீலிக்கரைப் புளியாரையை ஒன்று விடாமல் அழித்தாலும், பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் இருந்து காற்று துருவைக் கொண்டுவந்து கொட்டும். எங்கள் அக்காவின் பாத்தியில் நடந்ததும் அதுதான்.

புளியாரையில் துரு உண்மையாகவே பெருகும் இடம் மெக்சிக்கோ. சோளம் பிறந்த நாடு அது. அங்கே மத்திய மேட்டு நிலங்களில் சோளமும் ஒக்சாலிஸ் இனங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே கல்யாணம் நடந்துகொண்டே இருப்பதால் புதுப் புதுக் குணமுள்ள துருவும் பிறந்துகொண்டே இருக்கிறது. அதனால் என்ன கெடுதி? ஒரு சோள இனம் துருவைத் தாங்கும் என்று நம்பி எல்லோரும் அதையே போட்டால், அந்தத் தடையை உடைக்கும் துரு ஒரு நாள் வந்துவிடும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பல வருடம் துருவைத் தாங்கி நின்ற இனிப்புச் சோள இனங்களில் 1999 இல் துரு பரவலாக விழுந்தது.

இரண்டாவது வீடே இல்லாத துருவும் உண்டு

இரண்டாவது வீடு இல்லாமல் துரு பெரிய நாசம் செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். சோளத்துக்கு வரும் இன்னொரு துருவின் பெயர் பக்சினியா பொலிசோரா. அதற்கு இரண்டாவது விருந்துவழங்கி எது என்று எவரும் கண்டதில்லை. அப்படியிருந்தும் 1949 இல் மேற்கு ஆபிரிக்காவில் தோன்றி, சில வருடங்களுக்குள் கண்டத்தைக் கடந்து கிழக்குக் கரை வரை போய்ச் சோளத்தை அழித்தது.

இன்னோர் உதாரணத்துக்கு ஆபிரிக்கா வரை போகத் தேவையில்லை. நாம் நிற்கும் இந்த மலையைப் பார்த்தால் போதும்.

இங்கே முதலில் நின்றது தேயிலை அல்ல, கோப்பி. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் ஹெமிலேயா வஸ்டட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். "வஸ்டட்ரிக்ஸ்" என்றால் நாசம் செய்வது என்று பொருள். அதுவும் ஒரு துருப் பங்கசு. அதற்கும் இரண்டாவது வீடு இருப்பதாக இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

முதலில் துரைமார் பெரிதாக எடுக்கவில்லை. விலை நன்றாக இருந்ததால் இன்னும் காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1880 இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். தோட்டத்தில் கண்ணாடித் துண்டுகளை வைத்து, காற்றில் வரும் வித்தி அதில் விழுவதைக் காட்டினார். மலை மலையாக ஒரே செடியைப் போட்டிருப்பதுதான் துருவுக்கு வசதி என்றும் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பிச் சீமை என்று பெயர் பெற்ற இலங்கையில் சுமார் இருபது வருடத்தில் கோப்பித் தொழில் விழுந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அந்த இடங்களைப் பிடித்தது.

இதில் நம் குடும்பக் கதையும் இருக்கிறது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். ஆகவே நம் முன்னோரில் பலர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். வழியிலே செத்தவர்களும் பலர். தேயிலைக்கு அப்படி இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயத்தில் குடியிருத்தப்பட்டார்கள். நம் பாட்டன், பூட்டன் இங்கேயே தங்கிப் போனதற்கு, இலைக்கு அடியில் இருந்த ஒரு தூளும் ஒரு காரணம். துருவைப் பற்றித் தெரிந்துகொள்ள நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

புளியாரை இலையைத் திருப்பிப் பார்ப்போம்

இலையின் அடியில் எதையாவது கண்டால் உடனே "சோளத் துரு" என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்கும் முறை இது.

சின்னக் கிண்ணங்கள் நெருக்கமாக ஒரு வட்டத்தில் கூடி நின்று, விளிம்பு கிழிந்த மாதிரி இருந்தால், அது சோளத் துருவின் கிண்ண வித்திக் கட்டமாக இருக்கலாம். கைவில்லையால் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கிண்ணம் இல்லாமல், இலையின் அடி முழுக்க மஞ்சள் தூள் புள்ளி புள்ளியாகச் சிதறி, மேல்பக்கம் வெளிறிய புள்ளி தெரிந்தால், அது வேறு துரு. பக்சினியா ஒக்சாலிடிஸ் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து பல நாடுகளுக்குப் பரவியது. இது புளியாரை இனத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். சோளத்துக்கு வராது.

தூளே இல்லாமல் பழுப்பாகக் காய்ந்திருந்தால் அது துருவே இல்லை. வெயிலோ, பூச்சியோ, நாம் அடித்த மருந்தோ காரணமாக இருக்கலாம்.

வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. பழைய துருப் பிடித்த சோளம் நிற்கும் பாத்திக்குப் பக்கத்தில் புதுச் சோளம் போடாதீர்கள். முதலில் கதிரை ஒடித்து, செடியைப் பிடுங்கிய பிறகு போடுங்கள். தானாக முளைத்து நிற்கும் சோளத்தையும் எடுத்துவிடுங்கள். துருவுக்கு உண்மையான வீடு அதுதான்.

2. நெருக்கி நடாதீர்கள். காற்று உள்ளே ஓடினால் இலை சீக்கிரம் காயும்.

3. தண்ணீர் ஊற்றுவதென்றால் காலையில் அடியில் ஊற்றுங்கள். பின்னேரம் இலைமேல் ஊற்றினால் இரவு முழுக்க இலை ஈரமாக இருக்கும்.

4. எந்த இனம் துருவைத் தாங்கும் என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டு விதை வாங்குங்கள். ஒரே இனத்தை லயம் முழுக்கப் போடாமல் இரண்டு, மூன்று இனம் போடுவது நல்லது.

5. முற்றிய செடியில் கொஞ்சம் துரு கண்டால் பயப்பட வேண்டாம். கதிர் கிடைக்கும், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். இளஞ்செடியில் இலை முழுக்கத் துரு ஏறினால் மட்டும் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பங்கசு மருந்து தேவையா என்று அவர் சொல்லட்டும்.

6. போஞ்சித் துரு தன் வாழ்க்கையின் எல்லாப் படியையும் போஞ்சியிலேயே முடிக்கும். அதற்கு இரண்டாவது வீடு கிடையாது. ஆகவே துருப் பிடித்த போஞ்சிக் கொடியைப் பாத்தியில் விடாமல் அகற்றுவதும், அடுத்த முறை அந்தப் பாத்தியில் வேறு மரக்கறி போடுவதும் பலன் தரும்.

7. பீலிக்கரை, கிணற்றடி, பிள்ளைக் காம்பரா முற்றம், லயத்து வாசல் ஆகிய இடங்களில் களைநாசினி அடிக்கவே கூடாது. புளியாரை இடைஞ்சல் என்றால் கையால் பிடுங்குங்கள். மழைக்கு அடுத்த நாள் லேசாக வரும். சரிவில் முழுக்க மொட்டையாக்கவும் வேண்டாம். மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தச் சின்னச் செடிகள்தான்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகள் விளையாடும்போது புளியாரையை மென்று தின்கிறார்கள். நாமும் தின்றவர்கள்தான். துருப் பிடித்த இலையை இரண்டு தின்றுவிட்டால் நஞ்சு என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் மூன்று விசயம் கவனியுங்கள். மருந்து அடித்த இடத்தில் பறிக்கவே கூடாது. கான் ஓரத்தில் பறித்ததைக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. புளியாரையைச் சம்பலோ துவையலோ செய்தாலும் அளவோடு சாப்பிடுங்கள். ஒட்சாலிக் அமிலம் அதிகம் சேர்வது சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு நல்லதல்ல.

பிறகு நடந்தது

விவசாயப் போதனாசிரியர் வந்த அன்று இரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரே பாத்தியில் நிறுத்திக் கைவில்லையை மாறி மாறிக் கொடுத்தோம். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார்கள். "ஐயா சரின்னு சொன்னாருன்னுதான் அடிச்சோம்" என்று அக்கா சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அது எங்கள் பிழை என்று ஒப்புக்கொண்டோம். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லாமல் போனது பிழை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை.

கருகிய இரண்டு வரிசைக்கு விதையை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். பாத்தியைக் கொத்திக் கொடுத்தது அக்காவின் வீட்டுக்காரர். காய் பிடித்ததும் பக்கத்துக் காம்பராக்காரர் முதல் பிடி போஞ்சியைக் கொண்டுபோய் அக்காவின் வாசலில் வைத்துவிட்டு வந்தார். பேசவில்லை. அடுத்த கிழமை பேசினார்.

பீலிக்கரையில் புளியாரை மறுபடி படர்ந்துவிட்டது. இந்த முறை யாரும் அதைத் தொடவில்லை.

விளங்கிக்கொண்டோமா? பிள்ளைகளோடு சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்

1. சோளத் துரு சோளத்தில் இருந்து சோளத்துக்குப் போவது எத்தனையாவது படியில்?

2. அமெரிக்காவில் பார்பெரியை அழித்தது பலன் தந்தது. நம் லயத்தில் புளியாரையை அழித்தது ஏன் பலன் தரவில்லை?

3. தேயிலையின் சிவப்புத் துருவும் சோளத்தின் துருவும் ஒன்றா?

4. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள புளியாரையில் பத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருப்பது கிண்ணமா, சிதறிய தூளா, ஒன்றுமே இல்லையா? பார்த்ததை ஒரு தாளில் குறித்து, இலையைப் பழைய பத்திரிகைக்குள் வைத்து, நாங்கள் லயத்துக்கு வரும்போது காட்டுங்கள். இந்த முறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவோம்.